நசுங்குகிற காரே நல்ல கார்

"அந்தக் காலத்து அம்பாசடர்னா டேங்க் மாதிரிங்க. எது மோதினாலும் அசையாது. இப்ப வர்ற காரெல்லாம் தகர டப்பா, கட்டை விரலால அமுக்கினா பள்ளம் விழுது."

வங்கியில் கார் லோன் பார்க்கிறவன் என்ற முறையில் இந்த வசனத்தை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர் குஜராத்தியாக இருந்தாலும் சரி, நம்மூர்க்காரராக இருந்தாலும் சரி, வசனம் மட்டும் மாறுவதில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கனமான இரும்பு, தடித்த தகடு, அப்புறம் என்ன பயம்?

பி.காம். படித்துவிட்டு வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் யாராவது ஒரு பொருளை "கெட்டி" என்று சொன்னால், யார் சோதித்துப் பார்த்தார்கள், எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடுகிற புத்தி மட்டும் உண்டு. தொழில் பழக்கம்! அப்படித் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்ட வரலாறு இது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குக் கிளம்புகிற நம்மைப் போன்றவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மோதல். 2009-ம் வருஷம் அமெரிக்காவில் ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமைப்பு தன் 50-வது ஆண்டைக் கொண்டாடியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் போட்டு நடத்தும் ஆராய்ச்சி நிறுவனம் அது. விழா, பொன்னாடை எல்லாம் இருந்ததோ என்னவோ, அவர்கள் செய்த ஒரு காரியம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 1959-ல் தயாரான ஒரு செவர்லே பெல் ஏர் காரையும், 2009-ல் தயாரான ஒரு செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இரண்டுமே மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். முழு முகமும் மோதாமல், டிரைவர் பக்கத்துப் பாதி முகம் மட்டும் மோதும்படி வைத்தார்கள். பெல் ஏர் நல்ல நீளம், நல்ல இரும்பு, பார்த்தாலே பயில்வான்.

மோதிய பிறகு பெல் ஏர் காரில் டிரைவர் உட்காரும் இடமே இல்லை. முன் சக்கரம் டேஷ்போர்டுக்கு அடியில் வந்து நின்றது, முன் கண்ணாடி காணாமல் போனது, ஸ்டீயரிங் பொம்மையின் மேல் வந்து இடித்தது. நிஜ மனிதனாக இருந்தால் அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கும் என்று அறிக்கை சொன்னது. மாலிபுவின் மூக்கு அப்பளமாக நொறுங்கியது. ஆனால் உள்ளே இருந்த இடம் அப்படியே இருந்தது. அதன் டிரைவருக்குக் காலில் காயம், அவ்வளவுதான்.

பயில்வான் ஏன் தோற்றான்? இதற்கு நியூட்டன் கொஞ்சம் வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது என்றால் எல்லோருக்கும் புரியும்.

64 கி.மீ. வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுவதும், சுமார் 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி உயரத்திலிருந்து, கீழே விழுவதும் கணக்குப்படி ஒன்றுதான். விழுகிறவன் கருங்கல் மேல் விழுந்தால் ஒரு கதி, வைக்கோல் போர் மேல் விழுந்தால் வேறு கதி. வித்தியாசம் என்ன? வைக்கோல் அமுங்கி, நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுக்கிறது. காரின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால், உள்ளே இருப்பவர் மேல் சராசரியாக அவர் எடையைப் போல 27 மடங்கு விசை விழும். நசுங்காமல் 10 சென்டிமீட்டரிலேயே நின்றால் 160 மடங்கு. முன்னது பெல்ட் போட்ட உடம்பு தாங்கக்கூடியது. பின்னதைத் தாங்க யாராலும் முடியாது.

ஆக, நல்ல காருக்கு இரண்டு வேலை. மூக்கும் பின்புறமும் நசுங்க வேண்டும். மனிதர்கள் உட்காரும் நடுக்கூடு நசுங்கவே கூடாது. பழைய கார்களில் இது தலைகீழ். முன்னால் இருந்த உத்தரம் விறைப்பாக நின்று, மோதலை அப்படியே கடத்தி உள்ளே தள்ளியது.

இதை முதலில் காகிதத்தில் எழுதிக் காப்புரிமை கேட்டவர் பேலா பரேனி. ஆஸ்திரியாவில் பிறந்தவர், மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியில் பொறியாளர். 1951-ல் விண்ணப்பித்தார். அவர் யோசனைப்படி முழுமையாகச் செய்த கார் 1959-ல் வெளிவந்தது. அதே 1959 செப்டம்பரில் அந்தக் கம்பெனி ஜெர்மனியில் சிண்டெல்ஃபிங்கன் தொழிற்சாலையில் தன் கார்களை மோதவிட்டுப் பார்க்க ஆரம்பித்தது. ஆரம்பத்தில் கயிறு கட்டி இழுத்தார்கள். பிறகு காரின் பின்னால் சுடுதண்ணீர் ராக்கெட்டைக் கட்டித் தள்ளினார்கள். நம்மூர்த் தீபாவளி தோற்றது போங்கள் :-)

அதே 1959-ல்தான் ஸ்வீடனில் வால்வோ கம்பெனியின் நீல்ஸ் பொலின், இன்று நாம் போடுகிற மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார். அதற்குமுன் சண்டை விமானங்களில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். உள்ளே இருப்பவனை எப்படி வெளியே அனுப்புவது என்று யோசித்தவர், எப்படி உள்ளேயே பிடித்து வைப்பது என்று யோசிக்க வந்துவிட்டார். வால்வோ அந்தக் காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் எல்லாக் கம்பெனிகளும் உபயோகிக்க விட்டுக்கொடுத்தது. கார் வரலாற்றில் இதைவிடப் பெரிய தர்மம் நடந்ததாகத் தெரியவில்லை.

சரி, மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கேதான் சிலர் தங்கள் உடம்பையே கொடுத்தார்கள். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் 1954 டிசம்பர் 10-ம் தேதி ராக்கெட் பூட்டிய ஒரு வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் போய், ஒன்றரை நொடிக்குள் நின்றார். தன் எடையைப் போல 46 மடங்கு விசையைத் தாங்கினார். கண்ணில் ரத்தம் கட்டியது, ஆனால் பிழைத்தார். 89 வயது வரை வாழ்ந்தார். விமானப்படை வீரர்களில் விமான விபத்தைவிடக் கார் விபத்தில் சாகிறவர்கள் அதிகம் என்று கணக்கெடுத்துக் கார்களின் பக்கம் கவனத்தைத் திருப்பியதும் அவர்தான். டெட்ராய்ட் நகரில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் பேட்ரிக் என்ற பேராசிரியர் தன்னையே நூற்றுக்கணக்கான தடவை சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். இறந்தவர்களின் உடல்களை வைத்தும் அங்கே சோதித்தார்கள். பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்த அளவுகளையெல்லாம் வைத்துத்தான் 1976-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைபிரிட் 3' என்ற டம்மியைச் செய்தது. இன்றைக்கும் பல நாடுகளில் முன் மோதல் சோதனைக்கு உட்காருவது அந்த டம்மிதான்.

இப்போது ஒரு சின்ன ஆடிட். நசுங்கும் மூக்கு 1959-ல் தயார். சீட் பெல்ட் 1959-ல் தயார். உடம்பு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கும் கிட்டத்தட்ட அப்போதே கைக்கு வந்துவிட்டது. அப்படியிருக்க, சாதாரண மனிதன் வாங்கும் காரில் இதெல்லாம் வந்து சேர ஏன் இத்தனை வருஷம்?

ஏனென்றால் வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஷோரூமில் இரண்டு காரும் ஒரே மாதிரி பளபளக்கும். கதவுக்குள் என்ன இரும்பு இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. தெரியாத ஒன்றுக்கு யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். காசு வராத ஒன்றை எந்தக் கம்பெனியும் சும்மா போட்டுத் தராது. காமர்ஸ் படித்தவனுக்கு இது ஆச்சரியமே இல்லை.

1965-ல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீல், கார் கம்பெனிகளைக் கிழித்து ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் என்பது பாஸ் மார்க் மாதிரி. 35 வாங்கினாலும் பாஸ், 95 வாங்கினாலும் பாஸ். யார் 95 என்று வெளியே தெரியாது. 1979-ல் அமெரிக்க அரசு அடுத்த அடி வைத்தது. கடையில் விற்கும் கார்களை எடுத்து, சட்டம் கேட்பதைவிட அதிக வேகத்தில் சுவரில் மோதி, மார்க்கை ஊருக்கே படித்துக் காட்டியது. 'என்கேப்' என்று இன்று எல்லா நாட்டிலும் சொல்லப்படும் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டத்தின் பிறப்பு அதுதான். மார்க்கை எல்லோருக்கும் புரியும்படி நட்சத்திரமாக மாற்றியது 1990-களில்.

ஐரோப்பாவில் யூரோ என்கேப் தன் முதல் மார்க் பட்டியலை வெளியிட்டது 1997 பிப்ரவரியில். பிரிட்டனில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ரோவர் 100 ஒரே ஒரு நட்சத்திரம் வாங்கியது. அதன் கூடு நசுங்கிய படத்தைப் பார்த்த பிறகு ஜனங்கள் அந்தக் காரைத் தொடவில்லை. அந்த வருஷத்துக்குள் தயாரிப்பே நின்றது. கம்பெனிகள் கொதித்தன. இந்தச் சோதனை ரொம்பக் கடுமை, நாலு நட்சத்திரம் எந்தக் காராலும் வாங்க முடியாது என்றன. ஐந்தே மாதத்தில், ஜூலையில், வால்வோ எஸ்40 நாலு நட்சத்திரம் வாங்கிக் காட்டியது. 2001-ல் ரெனோ லகுனா ஐந்தும் வாங்கியது. முடியாதது எதுவும் இல்லை. யாரும் கேட்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கேள்வித்தாள் தெரிந்தால் அதற்கு மட்டும் படிக்கிற பையன்கள் இங்கேயும் இருக்கிறார்கள். 2012-ல் ஐ.ஐ.எச்.எஸ். காரின் முகத்தில் 25 சதவீதம் மட்டும் மோதுகிற புதிய சோதனையைத் திடீரென்று வைத்தது. மின்கம்பத்திலோ மரத்திலோ ஓரமாக மோதுவது போல. முதல் சுற்றில் 11 சொகுசுக் கார்கள். தேறியவை 3. பிறகு கம்பெனிகள் டிரைவர் பக்கத்தை அவசரமாகப் பலப்படுத்தின. 2016-ல் அதே சோதனையைப் பக்கத்து சீட் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். டிரைவர் பக்கம் 'நன்று' வாங்கிய 7 சின்ன எஸ்.யு.வி.க்களில் ஒன்றே ஒன்றுதான் இந்தப் பக்கமும் 'நன்று' வாங்கியது. வங்கிக்காரர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. மார்ச் 31-க்கு மட்டும் கணக்கை அலங்கரிப்பதை நாங்கள் விண்டோ டிரெஸ்ஸிங் என்போம் :-)

நம் நாட்டுக்கு வருவோம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் நன்றாக விற்கிற ஐந்து சின்னக் கார்களின் ஆரம்ப வேரியன்ட்டுகளை 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்து முடிவைச் சொன்னது. ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம். எதிலும் ஏர் பேக் இல்லை. ஆனால் ஒரே பூஜ்யத்துக்குள்ளும் இரண்டு ஜாதி இருந்தது. ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் கூடே நிலைகுலைந்தது. ஃபிகோ, போலோ இரண்டிலும் கூடு நின்றது. இரண்டு ஏர் பேக் வைத்த போலோவை மறுபடி மோதியபோது அதற்கு நாலு நட்சத்திரம். கூடு ஒழுங்காக இருந்தால் ஏர் பேக் காப்பாற்றும், கூடே இடிந்தால் ஏர் பேக் மட்டும் வைத்துப் பிரயோஜனமில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அப்போது இந்தியாவில் இப்படி மோதிப் பார்த்துத்தான் விற்கவேண்டும் என்ற சட்டமே இல்லை. முன் மோதல், பக்க மோதல் சோதனைகள் புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 அக்டோபரிலும் கட்டாயமாயின. அதில் முன் மோதல் வேகம் 56 கி.மீ. எட்டு கிலோமீட்டர்தானே குறைச்சல் என்று தோன்றும். ஆனால் மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 56-க்கும் 64-க்கும் நடுவே 30 சதவீதம் வித்தியாசம். கூட்டு வட்டி மாதிரி, பார்க்கச் சின்னது, கட்டும்போதுதான் தெரியும்.

அதன்பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, இந்தியாவில் தயாராகி இந்தியாவில் விற்கும் கார்களில் முதலாவதாக. நானோவுக்குப் பூஜ்யம் வாங்கிய அதே கம்பெனி. 2023 ஆகஸ்டில் பாரத் என்கேப் என்ற நம் அரசின் சொந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டு, அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. முன் மோதல் வேகம் அதே 64. கம்பெனிகள் விருப்பப்பட்டால் காரைச் சோதனைக்குக் கொடுக்கலாம் என்பதுதான் விதி, கட்டாயம் இல்லை. 2024 நவம்பரில் மாருதியின் புதிய டிசையரும் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து வாங்கியது. பத்தே வருஷத்தில் பூஜ்யத்திலிருந்து ஐந்து. இந்தப் பத்து வருஷத்தில் இயற்பியல் மாறவில்லை. மார்க் வெளியே தெரிந்தது, ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள், விளம்பரத்தில் மைலேஜுக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் வந்து உட்கார்ந்தது.

இத்தோடு முடித்தால் சுபம். ஆனால் எந்த லோன் பத்திரத்திலும் பின்பக்கம் பொடி எழுத்து இருக்கும். நட்சத்திரத்துக்கும் இருக்கிறது.

முதல் பொடி எழுத்து: சோதனையில் உட்காரும் டம்மிகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும். பெரிய டம்மிக்கு சீட் பெல்ட், குழந்தை டம்மிக்குக் குழந்தை இருக்கை. ஐந்து நட்சத்திரம் என்பது அவர்களுக்குக் கிடைத்த மார்க். நாம் பெல்ட் போடவில்லை என்றால் அந்த மார்க் நமக்குப் பொருந்தாது.

நான் இருப்பது வாபியில். பக்கத்தில் உத்வாடா, பார்சிகளின் புனிதத் தலம். 2022 செப்டம்பர் 4-ம் தேதி அங்கிருந்து மும்பை திரும்பும்போது பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தில் கார் மோதித்தான் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். மெர்சிடிஸ் கார். பரேனி வேலை பார்த்த அதே கம்பெனி. பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. அந்த இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் பிழைத்தார்கள். அந்தச் சாலையில் நான் அடிக்கடி போய் வருகிறேன். இன்றும் பின் சீட்டில் பெல்ட்டைத் தேடி எடுத்துப் போடுகிறவர்களை எண்ணிவிடலாம்.

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் வருஷ அறிக்கைப்படி சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715. இவர்களில் சரிபாதி, 8,331 பேர், வண்டி ஓட்டாமல் உட்கார்ந்து வந்தவர்கள்.

இரண்டாவது பொடி எழுத்து: மடிக் குழந்தை. 10 கிலோ குழந்தை 64 கி.மீ. மோதலில் 270 கிலோ கனக்கும், மேலே சொன்ன அதே 27 மடங்குக் கணக்கு. எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து வைக்காது. முன் சீட்டில் மடியில் வைத்தால் இன்னும் மோசம். ஏர் பேக் வெடிப்பது கண் இமைப்பதைவிட வேகம், முதல் அடி குழந்தைக்கு. அமெரிக்காவில் 1990-களில் இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகுதான் பிள்ளைகளைப் பின் சீட்டுக்கு அனுப்பும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

மூன்றாவது: 64 என்றால் 64. நூறில் போனால் மோதலின் சக்தி கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதோடு இந்தச் சோதனைகளில் லாரியின் பின்புறம் கிடையாது. ராத்திரியில் விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் லாரிக்கு அடியில் கார் புகுந்தால், நசுங்க வேண்டிய மூக்கு அடியில் போய்விடும், இடிபடுவது நேராகக் கண்ணாடியும் தலையும்தான்.

நாலாவது: ஒரே எடை ரகக் கார்களைத்தான் முன் மோதல் நட்சத்திரத்தை வைத்து ஒப்பிடலாம். சின்னக் காரின் ஐந்தும் பெரிய காரின் ஐந்தும் சமம் இல்லை. 2015-ல் வாங்கிய நட்சத்திரமும் இன்றைய நட்சத்திரமும் சமம் இல்லை, பரீட்சை கடினமாகிக்கொண்டே போகிறது.

புதுக் கார் வாங்குகிறவர்கள் கொட்டேஷனில் நிறத்தையும் டச் ஸ்கிரீனையும் பார்க்கிற நேரத்தில் பாதியைச் செலவிட்டால் போதும். சோதித்தது எந்த வருஷம், கூடு நின்றதா, குழந்தைகளுக்குத் தனியாக எவ்வளவு மார்க், பின் சீட்டில் குழந்தை இருக்கையைப் பூட்டக் கொக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பாதுகாப்பான மாடலுக்கு 60,000 ரூபாய் கூடுதல் என்று வையுங்கள். 9 சதவீத வட்டியில் 5 வருஷத் தவணையில் மாதம் சுமார் 1,245 ரூபாய். இந்தக் கணக்கு என் தொழில், நம்பலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு பைசா செலவில்லாமல் செய்ய ஒன்று இருக்கிறது. பின் சீட்டு உறைக்கு அடியில் பல வருஷமாகப் புதைந்து கிடக்கும் பெல்ட்டின் பக்கிளை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, மாட்டிப் பாருங்கள். ஊருக்குக் கிளம்பும்போது பாட்டி, தாத்தா உட்பட எல்லோரும் போட்ட பிறகு சாவியைத் திருப்புங்கள். சேலை கசங்கும் என்பார்கள். கசங்கட்டும், போய் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.